லெனர்ட், இலக்கம் 2: ஆள் போன பிறகு வந்து சேர்ந்த ஜேர்சி

துணியில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அதை முதலே எழுதிவிடுகிறேன். இருபது வருசத்துக்கு மேலாக ரொறன்ரோவின் ஸ்காபரோவில் உடுப்புத் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். காற்சட்டை நீளம் குறைக்கிறது, சிப் மாத்துகிறது, சாறி பிளவுஸ் தைக்கிறது, கல்யாண வீட்டுக்கு முதல்நாள் பின்னேரம் மூச்சு வாங்க ஓடிவருகிறவர்களின் கோட்டைத் தளர்த்திக் குடுக்கிறது. ஒரு துணியைக் கையில் எடுத்தால் அது எத்தனை தோய்ச்சலுக்குத் தாங்கும் என்று சொல்லுவேன். ரொறன்ரோவின் கூடைப்பந்து அணி ராப்டர்ஸ், 2019இல் மகனுக்கு வாங்கிய அவர்களின் இந்தச் சிவப்பு ஜேர்சி நான் கணக்குப் போட்டதைவிடக் கூடவே தாங்கியிருக்கிறது.

பிழையாய்ப் போனது முதுகில் இருந்த பெயர்தான்.

2019 யூன் 13 வியாழக்கிழமை இரவு, ஓக்லண்டில் 114க்கு 110 என்று ராப்டர்ஸ் வென்று கிண்ணம் எடுத்தது. கனடாவுக்கு முதல் NBA கிண்ணம் என்று சொல்லத் தேவையில்லை, அன்றிரவு எங்கள் தெருவில் கோர்ன் அடிக்காத கார் இல்லை. அடுத்தநாள் காலையில் மகன் ஜேர்சி கேட்டான். ஸ்காபரோவில் நான் ஏறி இறங்கிய நாலு கடையிலும் சிவப்பு முடிந்துவிட்டது. கடைசியில் ஒன்லைனில் ஒரு கடையில் எடுத்தேன். கடையின் பெயரை எழுதவில்லை, இப்போது சண்டை பிடிக்க எனக்கு நேரமில்லை. 140 டொலர், வரியோடு 158.20. பத்து வேலைநாளில் வரும் என்று போட்டிருந்தது. மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. எங்கட ஆக்களின் வழக்கப்படி வளருவான் என்று பெரியவர்களின் மீடியம் சைஸ் எடுத்தேன். முதுகில் ராப்டர்ஸின் நட்சத்திர ஆட்டக்காரன் கவாய் லெனர்ட்டின் பெயர், இலக்கம் 2.

பெயர் யாருடையது என்று கேட்கக்கூட இல்லை. வேறு யாருடையதாக இருக்கும்? மே 12ஆம் திகதி பிலடெல்பியாவோடு ஏழாவது ஆட்டத்தில், கடைசி விநாடியில் மூலையிலிருந்து எதிரணி எம்பீட்டின் கைக்கு மேலால் அவன் எறிந்த பந்து வளையத்தில் நாலு தரம் துள்ளிவிட்டு உள்ளே விழுந்தது. 92க்கு 90. அந்த நாலு துள்ளலுக்குள் என் புருசன் கதிரையை விட்டு எழும்பி, திரும்ப இருந்து, திரும்ப எழும்பினார். கூடைப்பந்து என்றால் என்னவென்று தெரியாத என் மாமியார்கூட அடுத்தநாள் "உந்தக் கதையாத பெடியன்" என்று அவனைத்தான் விசாரித்தா. கதையாத பெடியன்தான். கவாய் லெனர்ட் ஒரு கேள்விக்கு மூன்று சொல்லில் பதில் சொன்னால் அன்றைக்கு அவனுக்கு நல்ல குணம் என்று அர்த்தம்.

இங்கே ஒன்லைன் கடைகளைப் பற்றி ஒரு கதை. ஒன்ராறியோவில் பால் பையில்கூட எத்தனையாம் திகதி வரைக்கும் நல்லது என்று அடித்துத்தான் விற்கிறார்கள். ஜேர்சி விற்கிற பக்கத்தில் துணி என்ன, நிறம் என்ன, எப்படித் தோய்க்கிறது எல்லாம் இருந்தது. அந்தப் பெயர்க்காரன் யூன் 30ஆம் திகதி பின்னேரம் ஆறு மணியிலிருந்து யாரோடும் பேரம் பேசலாம் என்பது எங்கும் இல்லை. நான் காசு கட்டியது யூன் 14. மிச்சம் பதினாறு நாள்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. மகன்தான் என் கடை பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி விளங்கப்படுத்தினான். லெனர்ட்டுக்கு இன்னும் ஒரு வருசம் 21 மில்லியன் டொலர் சொச்சத்துக்கு நிற்கலாம் என்ற உரிமை இருந்தது. அதை வேண்டாம் என்று விட்டுவிட்டு ஃப்ரீ ஏஜென்ட் ஆனான். இனி யாரும் கேட்கலாம், அவன் விரும்பின இடத்துக்குப் போகலாம்.

"அம்மா, ரொறன்ரோவால மட்டும்தான் அஞ்சு வருசம் குடுக்கலாம். மற்ற ரீமால நாலுதான்."

"எவ்வளவு?"

"இஞ்ச 190 மில்லியன். அங்க 141."

"அப்ப என்னத்துக்கு யோசிக்கிறான்?"

"அவன்ர ஊர் லொஸ் ஏஞ்சல்ஸ் அம்மா."

அதோடு நான் வாயை மூடிக்கொண்டேன். நெல்லியடியை விட்டு வந்து இத்தனை வருசம், இன்னும் எங்கட ஊர்க் கோயில் கலண்டரைத்தான் கடைச் சுவரில் கொழுவி வைத்திருக்கிறேன். ஊருக்குப் போக ஆசைப்படுகிறவனோடு காசுக் கணக்குப் பேசுகிற ஆள் நான் இல்லை. புருசன் அப்படியில்லை. "ஐம்பது மில்லியனை விட்டுப்போட்டுப் போற விசரன் ஆரும் இருக்கோ?" என்று அந்தக் கிழமை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏன் சொந்த அணிக்கு மட்டும் அந்தச் சலுகை என்பதற்கும் மகனிடம் பதில் இருந்தது. எல்லா அணிக்கும் சம்பளத்துக்கு ஒரு எல்லை உண்டு, அந்த வருசம் 109 மில்லியன். தன்னிடம் இருக்கிற ஆட்டக்காரனை வைத்திருக்க அந்த எல்லையைத் தாண்டலாம். வருசாவருசம் ஏற்றுகிற சம்பளமும் சொந்த அணி எட்டு வீதம் ஏற்றலாம், வெளி அணி ஐந்து வீதம்தான். லரி பேர்ட் என்ற பழைய பொஸ்ரன் ஆட்டக்காரரின் பெயரால் அந்த விதியைச் சொல்லுவார்களாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வீதக்கணக்கு இவ்வளவு வடிவாக வருகிறதென்று அன்றைக்குத்தான் கண்டேன். பள்ளிக்கூட றிப்போட்டில் அதைக் காணவில்லை.

அந்தக் கிழமை ஊரே வேலை செய்யவில்லை. யூன் 17 வெற்றி ஊர்வலத்திலேயே சனம் "இன்னும் அஞ்சு வருசம்" என்று கத்தியதை நாங்களும் கேட்டோம், கெனடி ஸ்ரேசனில் ஏறி இடிபட்டுக் கசங்கிப் போய். நகரத்துச் சாப்பாட்டுக் கடைகள் ஒன்றாகச் சேர்ந்து, லெனர்ட் நின்றால் ஆயுளுக்கும் சாப்பாடு இலவசம் என்று ஸ்ரிக்கர் ஒட்டின. எங்கள் பிளாசாவின் ரேக்கவுட் கடைக்காரர் ஸ்ரிக்கருக்குக் காத்திருக்காமல் ஏ4 தாளில் கையாலேயே எழுதி ஒட்டினார்: "கவாய் தம்பிக்கு கொத்துரொட்டி ஆயுள் முழுக்க ஃப்ரீ. ஆட்டிறைச்சி உட்பட." கடைசி இரண்டு சொல்லையும் மனிசி சொல்லிப் பிறகு சேர்த்ததாகக் கேள்வி. ஆரோ ஒருவர் அவனுக்கு பென்ற்ஹவுஸ் வீடு சும்மா தருகிறேன் என்று சொன்னார். ஹோம் டிப்போ என்ற வீட்டுச்சாமான் கடையில் அவன் பெட்டி வாங்கினதைக் கண்டதாக ஒரு கதை ஓடியது. பெட்டி என்றால் சாமான் கட்டத்தானே என்று அன்று முழுக்க வாடிக்கையாளர்கள் என் மேசைக்கு முன்னால் நின்று வாதாடினார்கள்.

யூலை 3 புதன்கிழமை அவன் ரொறன்ரோவுக்கு வந்து இறங்கினபோது ரீவிக்காரர் ஹெலிகொப்டர் விட்டார்கள். விமான நிலையத்திலிருந்து கறுப்பு வாகனங்கள் போகிற பாதையை மேலே இருந்து நேரடியாகக் காட்டினார்கள். என் கடையில் சின்ன ரீவி ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் ஏழு பேர், கையில் காற்சட்டைகளோடு. ஒருவரும் அளவு எடுக்கவிடவில்லை. ஒரு ஐயா, எண்பது வயது இருக்கும், "ஆர் பிள்ளை, பிரதம மந்திரியோ?" என்று கேட்டார்.

அந்த நேரத்தில் என் ஜேர்சி மிஸிஸாகாவில் ஏதோ ஒரு களஞ்சியத்தில் நின்றது. ஒவ்வொரு நாளும் பார்த்தேன், "தயாராகிறது" என்றே காட்டியது.

சனிக்கிழமை விடியப்புறம் இரண்டு மணி இருக்கும், மகன் வந்து எழுப்பினான். அழவில்லை. "அம்மா, கிளிப்பர்ஸ்" என்று மட்டும் சொன்னான். எல்லாரும் லொஸ் ஏஞ்சல்ஸின் லேக்கர்ஸ் அல்லது ரொறன்ரோ என்று பார்த்துக்கொண்டிருக்க, ஆள் போனது பக்கத்து வீட்டுக்கு. அங்கே ஏற்கெனவே பெரிய ஆட்டக்காரர்கள் லெப்ரோனும் அந்தனி டேவிஸும் லேக்கர்ஸில் நிற்க, இவன் அந்த ஊரிலேயே மற்ற அணிக்குப் போய், ஒக்லஹோமா அணியிலிருந்து போல் ஜோர்ஜ் என்ற ஆட்டக்காரனையும் கூப்பிட்டுக் கொண்டான். அன்று இரவுதான் தென் கலிபோர்னியாவில் 7.1 அளவில் நிலநடுக்கம். மூன்று மணித்தியாலத்துக்குள் இரண்டு செய்தியும். எது பெரிது என்று எங்கள் வீட்டில் கேட்கக் கூடாது.

பின்னால் யோசித்துப் பார்த்தால் கிளிப்பர்ஸ் ஒளித்து ஒன்றும் செய்யவில்லை. அந்த வருசம் முழுக்க அவர்களின் ஆட்கள் ராப்டர்ஸ் ஆட்டங்களுக்கு வந்து இருந்து பார்த்ததைப் பத்திரிகைகள் எழுதின. அவர்களின் கோச் டொக் றிவர்ஸ், லெனர்ட்டை மைக்கல் ஜோர்டனோடு ஒப்பிட்டு ரீவியில் கதைத்ததற்கு, அணிக்கு 50,000 டொலர் தண்டம். பெண் கேட்டு வருகிறவர்கள் வீட்டுக்கு முன்னால் பத்துத் தரம் நடந்தால் ஊருக்குத் தெரியாதா? எங்களுக்குத்தான் தெரிய விருப்பமில்லை.

ஜேர்சி யூலை 8 திங்கட்கிழமை வந்தது.

இனிச் சாமானைப் பார்ப்போம். பார்சலை உடைத்ததும் மகன் பார்க்காமலே மேலே போய்விட்டான், நான்தான் மேசையில் விரித்தேன். பொலியெஸ்டர் பின்னல் துணி. வெளிச்சத்துக்குப் பிடித்தால் இடியப்ப உரலின் அடித்தட்டு மாதிரிச் சின்னச் சின்னத் துளைகள், முதுகுப் பக்கமும் விலாப் பக்கமும் ஒரே ஒழுங்கு. இழுத்து விட்டால் உடனே பழைய இடத்துக்கு வருகிறது, ஓரம் சுருளவில்லை. கைத்துளையிலும் கழுத்திலும் வைத்த கறுப்புப் பட்டி நல்ல தடிப்பு. தோள் மூட்டில் தையலை உள்ளே திருப்பிப் பார்த்தேன்: நாலு நூல் ஓவர்லொக், முடிச்சில் தொங்கல் இல்லை. இந்த இடத்தில்தான் மலிவுச் சாமான் பிடிபடும். கைத்துளை மட்டும் சின்னப் பிள்ளைக்குப் பெரிது, உள்ளே ரீசேட் போடாமல் போட்டால் விலா தெரியும். நீளமும் கூட. அது பிழையில்லை, அளவே அப்படித்தான், எடுக்கிறவர்கள் ஒரு சைஸ் குறைத்து எடுங்கோ.

எழுத்துதான் இரண்டாந்தரம். மைதானத்தில் அவர்கள் போடுகிற அசல் உடுப்பில் எழுத்தைச் சுற்றி நூல் ஓடும், விலையும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதில் எழுத்தைச் சூட்டில் அமத்தி ஒட்டியிருக்கிறார்கள். விரல் நகத்தால் தடவினால் ஓரம் தட்டுப்படும். ஒட்டினது வடிவாகத்தான் இருந்தது, ஏழு எழுத்தும் ஒரே வளைவில், இடைவெளி பிசகவில்லை. ஆனால் சூட்டில் ஒட்டினது சூட்டில்தான் கழரும் என்பதை இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

திருப்பி அனுப்பலாமா என்று கேட்டேன். பெயர் அடித்த சாமான் திருப்பி எடுக்கமாட்டோம் என்று பதில் வந்தது. நான் எழுதினேன்: அது நான் அடிப்பித்த பெயர் இல்லை, நீங்கள் அடித்து விற்ற பெயர். என் மகனின் பெயரை அடிக்கச் சொல்லியிருந்தால் நீங்கள் சொல்லுவது சரி, அவன் இன்னும் என்னோடுதான் இருக்கிறான். அதற்கு 15 டொலர் கூப்பன் ஒன்று அனுப்பினார்கள். பாவிக்கவில்லை. பிறகுதான் அறிந்தேன், வாங்கி 90 நாளுக்குள் ஆட்டக்காரன் அணி மாறினால் ஜேர்சியை மாற்றித் தருகிற கடைகளும் இருக்கின்றன. வாங்குவதற்கு முதல் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கோ. அந்த வரி இல்லாத கடையில் யூன் மாதத்தில் ஒப்பந்தம் முடிகிறவனின் பெயர் வாங்கக் கூடாது. யூலை 6ஆம் திகதிக்குப் பிறகு வாங்குங்கோ, அன்றைக்குத்தான் கையெழுத்து உறுதியாகிறது.

எனக்கு நட்டம் 158 டொலர் 20 சதம். ஆனால் ஒளிக்காமல் சொன்னால், அந்த யூலையில் அந்தப் பெயரால் எனக்குக் கொஞ்சம் வரவும் வந்தது. லெனர்ட் ஜேர்சியோடு பதினொரு பேர் கடைக்கு வந்தார்கள். பெயரை எடுத்துத் தரச் சொன்னார்கள், ஒன்றுக்கு 25 டொலர். சூட்டுத் துப்பாக்கியால் எழுத்தின் ஒரு மூலையை இளக்கி, முள்ளுக்கிடுக்கியால் பிடித்து மெல்லமாக உரிக்க வேண்டும். அவசரப்பட்டால் துணி சுருங்கும், துளைகள் உருகி அடைபடும். எழுத்து போனாலும் பசை நிற்கும், அதை எடுக்க வேறு மருந்து. பசையும் போன பிறகு பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் சிவப்பு கொஞ்சம் கடுமையாக இருக்கும், வெயில் படாத தோல் மாதிரி. பெயரை வாசிக்கலாம். இதை ஒவ்வொருவருக்கும் முதலே சொன்னேன். "பரவாயில்லை அக்கா, எடுங்கோ" என்றார்கள்.

ஒரு பெடியன் லெனர்ட்டை எடுத்து, ராப்டர்ஸின் இன்னொரு ஆட்டக்காரன் லௌரியின் பெயர் போடச் சொன்னான். இலக்கம் 2ஐ 7 ஆக்க ஏலாது என்று சொல்ல, பெயர் மட்டும் போதும் என்றான். இன்னொரு ஆள், நாற்பது வயது, ஒன்றையும் எடுக்க வேண்டாம், லெனர்ட்டுக்குக் கீழே சின்னதாக "நன்றி" என்று தமிழில் நூலால் எழுதித் தரச் சொன்னார். மஞ்சள் நூலில் எழுதிக் குடுத்தேன். காசு வாங்கவில்லை. வாங்கியிருக்கலாம், ஒரு மணித்தியால வேலை.

அந்த நாள்களில் டிமார் டிரோசனைப் பற்றித்தான் எனக்கு யோசனை. ஒன்பது வருசம் ரொறன்ரோவில் ஆடியவர். 2016இல் ஃப்ரீ ஏஜென்ட் ஆனபோது வேறு ஒருவரையும் போய்ப் பார்க்காமல் இங்கேயே ஐந்து வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டவர். 139 மில்லியன். இரண்டு வருசம் கழித்து, 2018 யூலை 18, அவரைச் சான் அன்ரோனியோவுக்கு அனுப்பித்தான் லெனர்ட்டை எடுத்தார்கள். நிற்கிறேன் என்றவரை அனுப்பிவிட்டு, நிற்பேன் என்று ஒரு நாளும் சொல்லாதவனிடம் ஐந்து வருசம் கேட்டோம். என் புருசனிடம் இதைச் சொன்னேன். "கிண்ணம் வந்ததுதானே" என்றார். வந்ததுதான்.

இந்த ஊருக்கு இது பழகின நோய். எங்கள் மச்சான் வீட்டு நிலக்கீழ் அறையில் ஒரு பெட்டி இருக்கிறது. ராப்டர்ஸில் ஆடிவிட்டுப் போனவர்களின் ஜேர்சிகள். 2000இல் மக்ரேடி ஒர்லாண்டோவுக்கு. 2010இல் பொஷ் மயாமிக்கு, அங்கே லெப்ரோனோடு சேர்ந்து இரண்டு கிண்ணமும் எடுத்தார். 2004இல் வின்ஸ் காட்டர், அவர் ஃப்ரீ ஏஜென்ட்டாகப் போகவில்லை, இங்கே இருக்கப் பிடிக்காமல் நியூஜேர்சிக்கு மாற்றப்பட்டார். பிறகு பல வருசம் அவர் இங்கே ஆட வந்தால் சனம் கோபத்தில் கூவியது. மச்சானும் கூவினவர்தான். அந்த ஊதா நிற 15ஐப் பெட்டிக்குள் அடியில் போட்டு வைத்தார். 2024 நவம்பர் 2இல் அதே 15ஐ அரங்கத்தின் கூரையில் ஏற்றினார்கள். மச்சான் அதற்கு முதல்நாள் அந்த ஜேர்சியைக் கொண்டுவந்து விலாத் தையலைப் பிரித்துத் தளர்த்தித் தரச் சொன்னார். இருபது வருசத்தில் அவர் வயிறும் வளர்ந்துவிட்டதே. தையல் மடிப்பில் ஒரு அங்குலம் துணி இருந்தது, போதவில்லை, பக்கத்தில் வேறு துணி வைத்துத் தைத்தேன்.

மடிப்பு என்றதும் லெனர்ட்டின் கையெழுத்து ஞாபகம் வருகிறது. நாலு வருசத்துக்குப் போடலாம் என்றிருக்க அவன் கிளிப்பர்ஸோடு போட்டது மூன்று வருசம், 103 மில்லியன், அதிலும் மூன்றாவது வருசம் அவன் விருப்பம். இது என்ன கணக்கு என்று மகனைக் கேட்டேன். பத்து வருசம் ஆடி முடித்தவனுக்கு அணியின் சம்பள எல்லையில் 35 வீதம் வரை குடுக்கலாம், ஏழிலிருந்து ஒன்பது வருசம் ஆடினவனுக்கு 30தான். லெனர்ட் 2011இல் வந்தவன், 2021இல் பத்து முடியும். அந்த நேரம் கை வெறுமையாக இருக்க வேண்டும் என்று முதலே யோசித்து வெட்டியிருக்கிறான், அல்லது அவன் அலுவல்களைப் பார்க்கிற மாமன் டெனிஸ் யோசித்திருக்கிறார். பின்னால் தளர்த்த வேண்டி வரும் என்று மடிப்பில் துணி விட்டுத் தைக்கிற வேலை. நான் இருபது வருசமாகச் சொல்லிக் குடுக்கிறேன், என்னிடம் பழக வருகிற பிள்ளைகள் கேட்பதில்லை.

எங்கள் ஜேர்சியில் மட்டும் நான் கை வைக்கவில்லை. மகன் ஐந்து மாதம் அதைத் தொடவில்லை, மடித்தபடியே அலுமாரியில் கிடந்தது. 2019 டிசம்பர் 11ஆம் திகதி கிளிப்பர்ஸ் ரொறன்ரோவுக்கு வந்தது. அன்றைக்குத்தான் லெனர்ட்டுக்குக் கிண்ண மோதிரம் குடுக்கிறார்கள். ஆட்டம் தொடங்க முதல் மகன் கீழே இறங்கி வந்தான், அந்தச் சிவப்பு ஜேர்சியோடு, உள்ளே கைநீள ரீசேட். தகப்பன் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. லௌரி மோதிரத்தைக் கையில் குடுக்க, அரங்கம் முழுக்க எழும்பி நின்று கை தட்டியது. காட்டருக்குக் கூவின அதே ஊர். பிறகு 112க்கு 92 என்று அடித்து நொறுக்கிவிட்டுப் போனான். மகன் ஜேர்சியைக் கழற்றவில்லை, அதோடேயே படுத்தான்.

அதற்குப் பிறகு தோய்ச்சல் கணக்கில்லை. ஒழுங்கு இதுதான்: உட்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போட வேண்டும், குளிர்ந்த தண்ணி, ஜீன்ஸோடு சேர்க்கக் கூடாது, சிப் எழுத்தைக் கீறும். காயவைக்கிற மெஷினுக்குள் போடவே கூடாது. ஒருநாள் மாமியார் போட்டுவிட்டா. லெனர்ட்டின் கடைசி எழுத்து அன்றைக்கே மூலை கிளம்பியது. மெல்லிய துணி ஒன்றை மேலே விரித்து அயன் பெட்டியால் அமத்தி ஒட்டினேன், பிடித்தது, ஆறு மாதத்தில் திரும்பக் கிளம்பியது. இப்போது அந்த எழுத்தைச் சுற்றி மட்டும் கையால் சங்கிலித் தையல் ஓடவிட்டிருக்கிறேன். ஆறு எழுத்து ஒட்டினது, ஒன்று தைத்தது. சிவப்பு நிறம் மங்கவில்லை. கழுத்துப் பட்டியும் இளகவில்லை. துணிக்கு ஐந்துக்கு ஐந்து குடுக்கலாம், எழுத்துக்கு இரண்டரை. விற்ற கடைக்கு நான் ஒன்றும் குடுக்கிறதாக இல்லை.

இந்தப் பேரத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. லெனர்ட் வருகிறேன் என்றதால்தானே கிளிப்பர்ஸ் போல் ஜோர்ஜை எடுத்தது. அதற்கு விலையாக, புது ஆட்டக்காரரைத் தெரிவு செய்கிற ஐந்து முதற்சுற்று உரிமைகளோடு ஒக்லஹோமாவுக்குக் குடுத்த இரண்டு ஆட்டக்காரர்களில் ஒருவன் ஷேய் கில்ஜஸ்-அலெக்சாண்டர், எங்கட ஹமில்ரன் பெடியன். 2025இல் அவன்தான் அந்த வருசத்தின் சிறந்த ஆட்டக்காரன், கிண்ணமும் ஒக்லஹோமாவுக்கு. தோற்றது இந்தியானா, அதில் நின்றவன் எங்கட பழைய ராப்டர்ஸ் ஆட்டக்காரன் சியாக்கம். ஸ்காபரோவில் அன்றிரவு யாருக்குக் கை தட்டுவதென்று தெரியாமல் இருந்தோம்.

மகன் இப்போது யூனிவேர்சிற்றியில், ஆறடிக்கு ஒரு அங்குலம் குறைவு. ஜேர்சி தோளில் இறுகிவிட்டது. சின்னவளுக்கு வந்திருக்கிறது. 2015இல் பிறந்தவள், கவுன் மாதிரி முழங்கால் வரை போட்டுக்கொண்டு கடைக்கு முன்னால் பந்து தட்டுகிறாள்.

"அம்மா, ஆர் இந்த லெனர்ட்?"

சொன்னேன். நாலு துள்ளலையும் சொன்னேன். கேட்டுவிட்டு, தனக்கு இப்போது ராப்டர்ஸில் ஆடுகிற ஸ்கொட்டி பார்ன்ஸின் ஜேர்சி வேண்டும் என்றாள். இலக்கம் 4.

"எத்தினையாம் ஆண்டு மட்டும் அவனுக்கு ஒப்பந்தம்?"

அவளுக்குத் தெரியவில்லை. மகனுக்கு ஃபோன் எடுத்தேன்.

"2030 மட்டும் அம்மா. ஆனா அவங்கள் நினைச்சா நடுவில மாத்தலாம், டிரோசன் மாதிரி."

2030இல் இவளுக்குப் பதினைந்து. எப்படியும் அளவு காணாது. பிள்ளைகளின் லார்ஜ் எடுத்துக் குடுத்தேன், இந்தத் தரம் கடைக்கு நேரே போய், எழுத்தின் ஓரத்தை நகத்தால் தட்டிப் பார்த்து.